விளக்கு அணைந்ததும் முதல் மூன்று நிமிடம்: பலெர்மோ படங்கள் செய்யும் மாயம் தெரியுமா?

"டைட்டில்தானே ஓடுது, மெதுவா உள்ளே போகலாம்!" என்று பாப்கார்ன் வரிசையில் நிற்கிற ஆசாமியா நீங்கள்? அப்படியென்றால் படத்தின் சாவியையே வாசலில் தொலைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறீர்கள்! ஹீரோ யார், வில்லன் யார் என்பதெல்லாம் அப்புறம் தெரியவரும். கேமரா எங்கே நிற்கிறது, யார் பக்கம் நிற்கிறது என்பதுதான் எந்தப் படத்துக்கும் முதல் வசனம். இயக்குநர்கள் வாயைத் திறக்காமலே அதைச் சொல்லிவிடுவார்கள்.

நம்பவில்லையா? இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வாருங்கள். அதன் தலைநகர் பலெர்மோ. அந்த ஊரையும் அந்தத் தீவையும் வைத்து எடுத்த படங்களின் ஆரம்பக் காட்சிகளை மட்டும் வரிசையாகப் பார்த்தாலே போதும், கேமரா வித்தையும் எடிட்டிங் வித்தையும் மொத்தமாகப் பிடிபட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1. காற்றோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்த கேமரா, தெரியுமா?

1963. லுகினோ விஸ்கோன்டி இயக்கிய 'இல் கத்தோபார்தோ', அதாவது 'சிறுத்தை'. கான் திரைப்பட விழாவில் அந்த ஆண்டு தங்கப் பனை விருதைத் தட்டிக்கொண்டு போன படம். கதை 1860 மே மாதத்தில் தொடங்குகிறது. இத்தாலியை ஒன்றாக்கப் புறப்பட்ட கரிபால்டியின் செஞ்சட்டைப் படை சிசிலியில் இறங்கிவிட்டது. பழைய பிரபுக்களின் உலகம் ஆட்டம் காண்கிறது.

இதைச் சொல்ல வேறு யாராக இருந்தாலும் குதிரை, பீரங்கி, புழுதி என்று ஆரம்பித்திருப்பார்கள். விஸ்கோன்டி என்ன செய்தார்? ஒரு மாளிகையின் வெளிவாசலில் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்தினார். பலெர்மோவில் இருக்கும் வில்லா பொஸ்கோகிராந்தேதான் அந்த மாளிகை. டைட்டில் ஓட ஓட, மரங்களுக்கு நடுவே கேமரா நகர்கிறது. ஒரு ஷாட் கரைந்து அடுத்த ஷாட் எழுகிறது. ஒவ்வொரு டிஸால்வுக்கும் மாளிகை கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. வெட்டே தெரியாது! நினோ ரோத்தாவின் இசை மட்டும் கூடவே நடந்து வருகிறது.

கடைசியில் திறந்த ஜன்னல்கள். காற்றில் புடைத்து ஆடும் வெள்ளைத் திரைச்சீலைகள். உள்ளேயிருந்து ஜெபமாலைப் பிரார்த்தனை முணுமுணுப்பாகக் கேட்கிறது. முதலில் சத்தம், அப்புறம்தான் ஆட்கள்! கேமரா உள்ளே போனால் இளவரசர் குடும்பமே மண்டியிட்டு ஜெபிக்கிறது. அப்போது வெளியே கூச்சல். தோட்டத்தில் ஒரு சிப்பாய் செத்துக் கிடக்கிறான்!

கவனித்தீர்களா? காற்று, கேமரா, கூச்சல் மூன்றுமே வெளியிலிருந்து உள்ளே வருகின்றன. இந்த வீட்டுக்குள் காலம் புகுந்துவிட்டது, இனி யாராலும் கதவைச் சாத்த முடியாது என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேமரா நடந்த திசையே சொல்லிவிட்டது.

2. ஃபிலிமைப் படுக்கப் போட்டு ஓட்டினார்கள், தெரியுமா?

அதே படம்தான், ஆனால் இது ஒளிப்பதிவாளர் ஜுசெப்பே ரொத்துன்னோவின் சமாச்சாரம். சாதாரண 35 மி.மீ. கேமராவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும். ஒரு பிரேமுக்கு 4 துளை. 'சிறுத்தை' எடுக்கப்பட்ட டெக்னிராமா முறையில் அதே ஃபிலிம் பக்கவாட்டில் ஓடும். ஒரு பிரேமுக்கு 8 துளை! பிரேமின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதாதென்று லென்ஸ் வேறு பிம்பத்தைப் பக்கவாட்டில் ஒன்றரை மடங்கு நெருக்கிப் பதிவு செய்யும், திரையில் போடும்போது விரித்துக்கொள்ளலாம்.

பலன்? ஜன்னல் சீலையின் நெசவு முதல் தூரத்து மலை வரை துல்லியம். படத்தின் கடைசிப் பகுதியில் பலெர்மோவின் வல்குவார்னேரா கான்ஜி அரண்மனையில் முக்கால் மணி நேரம் நீளும் நடன விருந்து வருகிறதே, அதில் இளவரசராக நடித்த பர்ட் லங்காஸ்டர் முகத்து வியர்வைகூட நம்மைப் பார்த்து மினுக்கும்.

3. அதே மாதிரி சீலை, ஆனால் கேமரா ரிவர்ஸில் வந்தது, தெரியுமா?

இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1988. 'சினிமா பாரடைசோ'. இயக்குநர் ஜுசெப்பே தொர்னாத்தோரே, பலெர்மோவுக்குப் பக்கத்திலிருக்கும் பகேரியாவில் 1956-ல் பிறந்தவர். ஆஸ்கரில் சிறந்த வெளிநாட்டுப் படம்.

முதல் ஷாட் என்ன தெரியுமா? பால்கனியில் ஒரு பூந்தொட்டி. அதற்கு அப்பால் கடல், கடல், கடல்! அப்புறம் கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. இரண்டு பக்கமும் சீலைகள் காற்றில் ஆடியபடி பிரேமுக்குள் வருகின்றன. இன்னும் பின்னே. இருட்டான அறை. மேஜைமேல் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சை. அந்த அறையில் ஒரு வயதான தாய் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு, ரோமில் இருக்கும் மகனைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஊர்ப்பக்கமே தலைவைத்துப் படுக்காமல் வருஷக்கணக்காகிவிட்ட மகன்.

விஸ்கோன்டியின் கேமரா வெளிச்சத்திலிருந்து வீட்டுக்குள் முன்னேறியது. தொர்னாத்தோரேயின் கேமரா வெளிச்சத்தை முன்னால் வைத்துக்கொண்டே பின்னால் நகர்கிறது. நகர நகரக் கடல் சின்னதாகிக்கொண்டே போகிறது! விட்டுப் பிரிதல் என்றால் கேமரா மொழியில் இதுதான். இன்னும் மகனைத் திரையில் காட்டவே இல்லை, அதற்குள் அவன் பிரிவு நமக்குள் இறங்கிவிட்டது. நெஞ்சைப் பிசைகிற மாதிரி என்னியோ மோரிகோனேயின் இசை வேறு!

நம்மூரில் இதற்குச் சொந்தக்காரப் படம் ஒன்று உண்டு. 1977-ல் பாரதிராஜாவின் '16 வயதினிலே'. ரயில் நிலையத்தில் நாயகி மயில் காத்திருக்கிறாள், அங்கிருந்து பின்னோக்கிக் கதை விரிகிறது. அங்கே டெலிபோன், இங்கே தண்டவாளம். காத்திருக்கும் பெண்ணை முதலில் காட்டிவிட்டால் பிறகு வருகிற ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில் ஒரு கனம் சேர்ந்துகொள்கிறது.

கூடுதல் ஆச்சரியம்: தொர்னாத்தோரேயே சின்ன வயதில் தியேட்டரில் புரொஜக்டர் ஓட்டியவர். அவருக்குப் புகைப்படக்கலை சொல்லித்தந்த பகேரியாக்காரர் மிம்மோ பின்தகூதாவும் புகைப்படக்காரர், புரொஜக்டர் ஆபரேட்டர். படத்தில் வரும் ஆல்பிரெடோ பாத்திரத்துக்கு அவர்தான் ஊற்றுக்கண்!

4. 'காட்பாதர்' கேமரா ஓர் அங்குலம்கூட நகரவில்லை, தெரியுமா?

பலெர்மோவிலிருந்து தெற்கே மலைப்பாதையில் போனால் கொர்லியோனே என்ற ஊர் வரும். ஆமாம், டான் கொர்லியோனேயின் கொர்லியோனேதான்! 1972-ல் வந்த கொப்போலாவின் 'காட்பாதர்' அந்த ஊரின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆனால் படத்தின் சிசிலிக் காட்சிகளை அங்கே எடுக்கவில்லை. ஊர் நவீனமாகிவிட்டதால் தீவின் கிழக்கே சவோகா, ஃபோர்சா தாக்ரோ ஆகிய இடங்களுக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஆரம்பக் காட்சி நினைவிருக்கிறதா? கும்மிருட்டில் ஒரு முகம். தன் மகளுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்கிறார், பிணச் சடங்குத் தொழில் செய்யும் பொனசேரா. பிம்பம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விரிந்துகொண்டே போகிறது. ஏறக்குறைய மூன்று நிமிடம்! கடைசியில் பிரேமின் ஓரத்தில் இன்னொருவரின் தோளும் கையும். அட, இவ்வளவு நேரமும் இவர் முறையிட்டது ஒரு ராஜாவிடமா!

இதில் கேமரா பின்னால் போகவில்லை. லென்ஸ்தான் விரிந்தது. இத்தனை மெதுவாக, இத்தனை சீராகக் கையால் ஜூம் செய்ய முடியாது என்று நேரத்தைக் கணக்கிட்டு இயங்கும் கணினிக் கட்டுப்பாட்டு ஜூமைப் பயன்படுத்தினார் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ்.

டிராலிக்கும் ஜூமுக்கும் என்ன வித்தியாசம்? டிராலியில் கேமராவே நகர்வதால் கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒன்றையொன்று விலகிக் கடந்து போகும். நாமே அந்த அறைக்குள் நடப்பது போலிருக்கும். ஜூமில் எதுவும் எதையும் கடக்காது, எல்லாம் ஒருசேரச் சுருங்கும். 'பாரடைசோ'வில் நாம் வீட்டுக்குள் நடக்கிறோம். 'காட்பாதர்' படத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓர் ஆள் நம்மை எடைபோடுகிறார். இரண்டுமே 'பின்வாங்கும் ஷாட்'தான், ஆனால் ஒன்று ஏக்கம், இன்னொன்று அதிகாரம்!

5. முதல் ஷாட்டிலேயே ஹீரோ பிணம், தெரியுமா?

1962. பிரான்செஸ்கோ ரோசியின் 'சல்வதோரே ஜூலியானோ'. பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி வாங்கிய படம். ஜூலியானோ யார்? பலெர்மோவுக்கு மேற்கே மோன்தெலெப்ரே என்ற மலையூரைச் சேர்ந்த நிஜக் கொள்ளைக்காரன். 1947 மே 1 அன்று போர்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ராவில் தொழிலாளர் தினக் கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடத்தி 11 பேரைக் கொன்றது அவன் கும்பல்.

படம் எடுத்த எடுப்பில் 1950 ஜூலை 5. காஸ்தெல்வெத்ரானோ ஊரில் ஒரு வீட்டு முற்றம். டாப் ஆங்கிள். வெள்ளைப் பனியன் போட்ட ஒரு உடல் குப்புறக் கிடக்கிறது. சுற்றி அதிகாரிகள். ஒருவர் உணர்ச்சியே இல்லாத குரலில் உடல் எப்படிக் கிடக்கிறது, பக்கத்தில் என்னென்ன கிடக்கிறது என்று சொல்லச் சொல்ல, எழுதிக்கொள்கிறார்கள். பஞ்சநாமா எழுதுகிற அதே தொனி! அதுவும் எங்கே எடுத்தார்கள் தெரியுமா? உடல் கிடந்த அதே நிஜ முற்றத்தில்!

கேமரா ஏன் அவ்வளவு உயரத்தில்? அங்கேதான் ரோசியின் மூளை வேலை செய்கிறது. ஒளிப்பதிவாளர் ஜான்னி தி வெனான்ஸோ மேலிருந்து காட்டுவது ஒரு வரைபடம் போலத் தெளிவாக இருக்கிறது. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் படம் போகப் போக, போலீஸ் சொன்ன துப்பாக்கிச் சண்டைக் கதையே பொய், கூட்டாளி பிஷோத்தா அவனை வேறிடத்தில் கொன்றபின் உடலை முற்றத்தில் கொண்டுவந்து போட்டுக் காட்சி ஜோடித்தார்கள் என்று காட்டுகிறார் ரோசி! அப்படியானால் நாம் ஆரம்பத்தில் பார்த்தது? அரசாங்கம் 'டைரக்ட்' செய்த ஒரு ஷாட்!

இன்னொன்று. உயிரோடிருக்கும் ஜூலியானோவின் முகத்தை நேராக, நெருக்கமாகக் காட்டவே மாட்டார்கள். தூரத்தில் வெள்ளைக் கோட்டு அசையும், அவ்வளவுதான். க்ளோசப் கொடுத்தால் ஹீரோ ஆகிவிடுவானே!

அந்த நிஜப் பிஷோத்தா 1954-ல் பலெர்மோவின் உச்சார்தோனே சிறையில் ஸ்ட்ரிக்னைன் விஷத்தால் செத்துப்போனான். அதே 1954-ல் சென்னையில் என்ன நடந்தது தெரியுமா? எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' வெளிவந்தது. துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் சரிந்து விழுகிறார், அப்புறம்தான் படமே ஆரம்பம்! பாட்டே இல்லாத தமிழ்ப் படம். ஹீரோவை முதலிலேயே சாகடித்துவிட்டு 'இவன் யார்?' என்று விசாரிக்கும் துணிச்சலில் ரோசிக்கு எட்டு ஆண்டு முன்னதாகவே நம்மவர் முந்திக்கொண்டார்.

6. விளக்கம் சொல்லும் குரலையே தூக்கி எறிந்தார் ஒரு பலெர்மோக்காரர், தெரியுமா?

விட்டோரியோ தே செத்தா. 1923-ல் பலெர்மோவில் பிறந்தவர். 1950-களில் ஆவணப்படம் என்றாலே முதல் நொடியிலிருந்து ஒரு கனத்த குரல் 'இதோ பாருங்கள், மீனவர்கள்' என்று பாடம் நடத்தும். தே செத்தா அதைச் சுத்தமாக நீக்கினார். வலை இழுக்கும் பாட்டு, துடுப்புச் சத்தம், ஆட்களின் கூவல் எல்லாவற்றையும் தனியே ஒலிப்பதிவு செய்து அந்தச் சத்தத்தின் தாளத்துக்கே ஷாட்டுகளை வெட்டினார்.

சூரை மீன் வேட்டையைப் பற்றிய 'கடலின் உழவர்கள்' 1955-ல் வந்தது. பத்து நிமிடப் படம்தான், அதுவும் அகலத்திரை வண்ணத்தில்! ஆரம்பத்தில் காத்திருப்பு, நீளமான ஷாட்டுகள். மீன் வந்ததும் பாட்டு வேகமெடுக்கும், வெட்டுகளும் வேகமெடுக்கும். எடிட்டிங் என்பது கண்ணுக்கான வேலை மட்டுமல்ல, காதுக்கானதும்தான் என்று அப்போதே காட்டிவிட்டார். அதே ஆண்டு அவருடைய 'நெருப்புத் தீவுகள்' கானில் விருது வாங்கியது. பலெர்மோவின் ஸீஸா கலை வளாகத்தில் இன்று அவர் பெயரில் ஒரு தியேட்டர் இருக்கிறது. அதே வளாகத்தில் இத்தாலியின் தேசியத் திரைப்படப் பள்ளி ஆவணப்படத்துக்கென்றே ஒரு கிளையும் நடத்துகிறது!

7. எச்சில் காய்வதற்குள் பறந்து போன பையன், தெரியுமா?

2009. மறுபடியும் தொர்னாத்தோரே. தன் சொந்த ஊரைப் பற்றி எடுத்த 'பஆரியா', வெனிஸ் விழாவின் தொடக்கப் படம். ஊர்ப் பெருசுகள் சீட்டாடுகிறார்கள். ஒரு பொடியனைக் கூப்பிட்டு சிகரெட் வாங்கிவரச் சொல்கிறார் ஒருவர். தரையில் துப்பிவிட்டு, இது காய்வதற்குள் திரும்பி வரவேண்டும் என்று கட்டளை! பையன் ஓடுகிறான். கேமராவும் கூடவே ஓடுகிறது. ஓட்டம் வேகமெடுக்க வேகமெடுக்கக் கால் தரையை விட்டு எழும்புகிறது, ஊருக்கு மேலே பறக்கிறான்! ஒரு தெரு, ஒரு ஊர், ஒரு காலம் எல்லாம் அந்த ஒரே பறத்தலில் அறிமுகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கீழே தெரியும் பழைய பகேரியா பகேரியாவே இல்லை. மத்தியதரைக் கடலின் அந்தப் பக்கம், துனிசியாவில் போட்ட பிரம்மாண்ட செட்!

8. காக்கையின் கழுத்தில் மணி கட்டினார்கள், தெரியுமா?

இதுவும் பறக்கிற கேமராதான். பாவ்லோ, விட்டோரியோ தவியானி சகோதரர்களின் 'காவோஸ்', 1984, சிசிலியக் கதாசிரியர் பிராந்தெல்லோவின் கதைகள். மேய்ப்பர்கள் ஒரு காக்கையைப் பிடித்துக் கழுத்தில் மணியைக் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். மணியோசை கேட்கிறது, கீழே தீவின் வயல்களும் மலைகளும் நகர்கின்றன. அடுத்தடுத்த கதைகளுக்கு நடுவே அந்தக் காக்கை மறுபடி மறுபடி வரும். தனித்தனிக் கதைகளை ஒரே படமாகத் தைத்த ஊசி அந்த மணிச்சத்தம்!

9. பார்வையற்ற பெண்ணின் தோளோடு ஒட்டிக்கொண்ட கேமரா, தெரியுமா?

2013-ல் வந்த 'சல்வோ'. பலெர்மோவில் கதை. இரட்டை இயக்குநர்கள் கிராசதோனியா, பியாசா. கானில் விமர்சகர் வாரத்தின் முதல் பரிசு. ஆரம்பத்தில் காருக்குள் தாக்குதல், துரத்தல், துப்பாக்கி. மசாலாப் படம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், கொலைகாரன் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது. உள்ளே ரீத்தா, பார்வையற்றவள்.

அதன்பின் கேமரா கொலைகாரனை விட்டுவிட்டு அவளோடு ஒட்டிக்கொள்கிறது. நீண்ட ஷாட்டுகள், வசனம் கிடையாது. வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதை அவள் காதால் உணர்கிறாள். அவனோ பிரேமின் விளிம்பில் மங்கலாக, பாதி நிழலாக. அவளுக்குத் தெரியாத அளவுக்கு நமக்கும் தெரியக்கூடாது என்று ஒளிப்பதிவாளர் தனியேலே சிப்ரி ஃபோகஸைப் பிடித்து வைத்திருக்கிறார். மூச்சுச் சத்தமே இங்கே வசனம்!

10. ஒரு குரூப் போட்டோவில் தொடங்கி எண்ணிக்கை ஓடியது, தெரியுமா?

மார்கோ பெல்லோக்கியோவின் 'துரோகி', 2019. 1980 செப்டம்பர் 4, பலெர்மோவின் காவல் தெய்வம் சாந்த ரொசாலியா திருநாள். கடலோர வீட்டில் மாஃபியாக் குடும்பங்களின் விருந்து. நடனம், வாணவேடிக்கை, எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ. அப்புறம் அந்தச் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாகச் சாய, திரையில் ஓர் எண் ஓடத் தொடங்குகிறது. செத்தவர்களின் எண்ணிக்கை! வாணவேடிக்கையும் துப்பாக்கியும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதை விருந்திலேயே பழக்கிவிட்டார்கள். படம் கானில் திரையிடப்பட்ட நாள் மே 23. 1992-ல் அதே நாளில்தான் மாஃபியா வழக்குகளை விசாரித்த நீதிபதி ஃபால்கோனே பலெர்மோ அருகே கபாச்சியில் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார்.

11. சுவரோவியமே டைட்டில் கார்டு ஆனது, தெரியுமா?

'தி ஒயிட் லோட்டஸ்' தொடரின் இரண்டாம் சீசன், 2022. கதை நடப்பது தவோர்மினா ஊரில். ஆனால் டைட்டிலில் ஓடும் ஓவியங்களின் பிறப்பிடம் பலெர்மோவின் வில்லா தஸ்கா மாளிகைச் சுவர்! கேமரா அந்த ஓவியங்களின்மேல் ஊர்கிறது. எந்த நடிகர் பெயர் எந்த உருவத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்பதிலேயே கதையின் துப்பு ஒளிந்திருக்கிறது. 'ஸ்கிப்' பட்டனை அமுக்கியவர்கள் பாவம்!

12. பிணத்துக்கும் திரைச்சீலைக்கும் பின்னால் ஓடியது ஒரே கத்தரி, தெரியுமா?

கடைசி ஆச்சரியம், இதுதான் பெரிது. முற்றத்தில் பிணத்தோடு தொடங்கும் 'சல்வதோரே ஜூலியானோ'வை எடிட் செய்தவர் மாரியோ செரான்ட்ரெய். மறு ஆண்டே, திரைச்சீலையோடு தொடங்கும் 'சிறுத்தை'யை எடிட் செய்தவர்? அதே மாரியோ செரான்ட்ரெய்! ஒன்று ஆவணம் போல வறட்சி, மற்றது பட்டுத்துணி போல வழுவழுப்பு. இரண்டையும் வெட்டி ஒட்டியது ஒரே கைதான். 'நியோ ரியலிசம்' என்று இன்று உலகம் சொல்கிறதே, 1943-ல் வந்த தன் 'ஒஸ்ஸெஸ்ஸியோனே' படத்தின் ரஷ்ஷை, அதாவது எடிட் செய்யாத காட்சிகளைப் பார்த்து அந்தப் பெயரை முதலில் சொன்னவர் இந்த எடிட்டர்தான் என்று விஸ்கோன்டியே பதிவு செய்திருக்கிறார்.

செரான்ட்ரெய் 1966-ல் காலமானார். அந்த ஆண்டு வந்த 'அல்ஜியர்ஸ் யுத்தம்' படத்தில் எடிட்டர்கள் என்று இரண்டு பெயர் இருக்கும். ஒன்று அவருடையது. மற்றது மாரியோ மோர்ரா. இருபத்திரண்டு ஆண்டு கழித்து, கடலைக் காட்டிவிட்டு ஜன்னல் சீலைக்குள் பின்வாங்கும் 'சினிமா பாரடைசோ'வின் எடிட்டர் யார்? அந்த மோர்ராவேதான்!

விஸ்கோன்டியின் சீலையை வெட்டியவரோடு ஒரே படத்தில் பெயரைப் பகிர்ந்துகொண்டவரின் கை, தொர்னாத்தோரேயின் சீலையை வெட்டியிருக்கிறது. இந்தப் பெயர்களெல்லாம் எங்கே எழுதியிருக்கின்றன தெரியுமா? 'மெதுவா உள்ளே போகலாம்' என்று நீங்கள் கோட்டைவிட்ட அந்த டைட்டில் கார்டில்தான்!